காலி இடத்தில் துண்டு போடுவது: எலைசா தட்டும் பால்பவுடரும்

போன வருஷம் ஐப்பசியில் அத்தைக்குக் கண்புரை ஆபரேஷனுக்கு நாள் குறித்திருந்தோம். வயசு 65. இருபது வருஷமாக முடக்குவாதம், அதற்கு மாத்திரை. மாமா போய் பன்னிரண்டு வருஷம் ஆகிறது. ஆபரேஷனுக்கு முன்னால் வழக்கமாக எடுக்கும் ரத்தப் பரிசோதனைகளை ஒரு தனியார் லேபில் எடுத்தோம். சாயங்காலம் சீட்டு கைக்கு வந்தது. சர்க்கரை சரி, ஹீமோகுளோபின் கொஞ்சம் கம்மி. கடைசி வரியில் எச்.ஐ.வி என்று போட்டு, பக்கத்தில் 'ரியாக்டிவ்'.

"என்ன தம்பி போட்டிருக்கு, கொஞ்சம் படிச்சுச் சொல்லேன்" என்று அத்தை கேட்டார். கண்தான் தெரியவில்லையே. "ஒண்ணும் இல்ல அத்தை, ஒரு டெஸ்ட் மறுபடி எடுக்கணுமாம், நீங்க கவலைப்படாதீங்க" என்று சொல்லிவிட்டு வெளியே வந்து நின்றேன். ஆனால் சீட்டை எனக்கு முன்னாலேயே வீட்டில் ஒருத்தர் படித்திருந்தார். அடுத்த ஒரு வாரம் அந்த வீட்டில் யார் எந்த டம்ளரில் தண்ணீர் குடித்தார்கள், செத்துப்போன மாமாவைப் பற்றி யார் என்ன பேசினார்கள் என்பதையெல்லாம் இங்கே எழுத எனக்கு மனசில்லை.

அரசு மருத்துவமனையின் நம்பிக்கை மையத்துக்கு அழைத்துப் போனோம். அங்கே எடுத்த சோதனை நெகட்டிவ். சந்தேகம் வேண்டாம் என்று சில வாரம் கழித்து மறுபடியும் எடுத்தார்கள். அதுவும் நெகட்டிவ். அத்தைக்கு எதுவும் இல்லை.

நான் படித்தது பி.இ., பிழைப்பு சாஃப்ட்வேர். ஒரு புரோகிராம் தப்பான விடை கொடுத்தால் எந்த வரியில் தப்பு என்று தேடிப் பிடிக்காமல் தூக்கம் வராது. அந்த 'ரியாக்டிவ்' எங்கிருந்து வந்தது? வைரஸ் இல்லாத ரத்தத்தைப் பார்த்து, இருக்கு என்று ஒரு அட்டை எப்படிச் சொல்லும்? இந்தத் தேடலில் நான் கடைசியில் வந்து நின்ற இடம் கொஞ்சம் விசித்திரமானது: பால்பவுடர்.

முதலில் எலைசா என்றால் என்ன என்று சுருக்கமாகப் பார்த்துவிடுவோம். 1971-இல் ஸ்டாக்ஹோமில் எங்வாலும் பெர்ல்மானும், அதே வருஷம் நெதர்லாந்தில் வான் வீமனும் ஸ்கூர்ஸும் தனித்தனியாகக் கொண்டுவந்த முறை இது. இட்லித் தட்டு மாதிரி ஒரு பிளாஸ்டிக் தட்டு. எட்டுக்குப் பன்னிரண்டு, மொத்தம் 96 குழிகள். குழியின் அடியில் வைரஸின் புரதத்தை ஒட்டவைக்கிறார்கள். அதன்மேல் நோயாளியின் சீரத்தை ஊற்றினால், அந்த வைரஸுக்கு எதிரான ஆன்டிபாடி அதில் இருந்தால் போய்ப் பிடித்துக்கொள்ளும். இல்லாவிட்டால் கழுவும்போது எல்லாம் போய்விடும். அடுத்து, மனித ஆன்டிபாடியைப் பிடிக்கும் இன்னொரு ஆன்டிபாடியை ஊற்றுவார்கள். அதன் முதுகில் ஒரு நொதி கட்டியிருக்கும். பெரும்பாலும் குதிரை முள்ளங்கி என்ற கிழங்கிலிருந்து எடுத்த பெராக்சிடேஸ். மறுபடியும் கழுவல். கடைசியில் நிறமில்லாத ஒரு திரவம். நொதி அங்கே இருந்தால் அது நிறம் மாறும். மஞ்சள் வந்தால் பாசிட்டிவ்.

இதில் எல்லோரும் தாண்டிப் போகும் ஒரு வார்த்தை இருக்கிறது: 'ஒட்டவைக்கிறார்கள்'. எதை வைத்து? பசை எதுவும் கிடையாது. பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக் தண்ணீரை வெறுக்கும் பரப்பு. புரதத்துக்குள்ளும் தண்ணீரை வெறுக்கும் பகுதிகள் உண்டு. இரண்டும் நெருங்கினால் தண்ணீரை விலக்கிவிட்டு ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். அவ்வளவுதான். 1967-இலேயே ஆஸ்திரேலியாவில் காட், ட்ரெகியர் இருவரும் ஆன்டிபாடி வெறும் பிளாஸ்டிக் குழாயில் தானாகவே ஒட்டிக்கொள்வதைப் பயன்படுத்திக் காட்டியிருந்தார்கள். அந்த இலவசப் பசைதான் இந்தத் தொழில்நுட்பத்துக்கே அடித்தளம்.

ஆனால் இலவசப் பசைக்கு ஆள் பார்க்கத் தெரியாது. வைரஸ் புரதத்தை ஒட்டிய அதே பிளாஸ்டிக், மிச்சமிருக்கும் காலி இடத்தில் நோயாளியின் சீரத்தில் உள்ள எந்த ஆன்டிபாடியையும் ஒட்டிக்கொள்ளும். அது சின்னம்மைக்கு எதிரானதோ டைபாய்டுக்கு எதிரானதோ, அதைப் பற்றி அதற்குக் கவலை இல்லை. பிறகு நொதி கட்டிய ஆன்டிபாடி வந்து, "ஓ, இங்கே மனித ஆன்டிபாடி இருக்கே" என்று பிடித்துக்கொள்ளும். நொதி கட்டிய ஆன்டிபாடியே நேராகப் பிளாஸ்டிக்கில் ஒட்டிக்கொள்வதும் உண்டு. ஒரே ஒரு நொதி மூலக்கூறு ஆயிரக்கணக்கான மூலக்கூறுகளை நிறம் மாற்றும் என்பதால், கொஞ்சம் ஒட்டினாலே போதும், குழி மஞ்சளாகிவிடும்.

மயிலாடுதுறையில் கடைமுகத்தன்று சாயங்காலம் பஸ் ஏறிப் பார்த்தவர்களுக்கு இதற்கு மருந்து என்ன என்று சொல்லத் தேவையில்லை. ஜன்னல் வழியாகத் துண்டு போடுவதுதான். நமக்கு வேண்டிய ஆள் உட்கார்ந்தபிறகு மிச்ச சீட் அத்தனையிலும் துண்டு போட்டுவிட்டால் பின்னால் ஏறுகிறவர்கள் நின்றுகொண்டு வந்து, அடுத்த நிறுத்தத்தில் இறங்கிவிட வேண்டியதுதான். எலைசாவில் வைரஸ் புரதம் ஒட்டியபிறகு, சீரம் ஊற்றும் முன்னால், இந்தச் சோதனைக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு புரதத்தை நிறைய ஊற்றி ஒரு மணி நேரம் வைப்பார்கள். காலி இடம் எல்லாம் நிரம்பிவிடும். இதற்குத்தான் பிளாக்கிங் என்று பெயர். அந்தத் துண்டுதான் பிளாக்கர்.

பக்கத்து ஊர்க் கல்லூரி ஒன்றில் உயிர்வேதியியல் சொல்லிக்கொடுக்கும் நண்பர் இதைக் கண்ணாலேயே காட்டினார். ஒரு தட்டில் இரண்டு வரிசை. இரண்டிலும் வைரஸ் புரதம் கிடையாது, சீரமும் கிடையாது. முதல் வரிசையில் பிளாக்கிங் செய்யவில்லை, இரண்டாவதில் செய்தார். இரண்டிலும் நொதி கட்டிய ஆன்டிபாடியை ஊற்றி, கழுவி, நிறம் தரும் திரவத்தை விட்டார். முதல் வரிசை சில நிமிஷத்தில் நீலமாகி, அமிலம் விட்டதும் பளீரென்று மஞ்சள். இரண்டாவது வரிசை தண்ணீர் மாதிரியே இருந்தது. எந்த நோயாளியின் ரத்தமும் தொடாத குழி 'பாசிட்டிவ்' சொல்வதைப் பார்த்தபோது எனக்கு அத்தையின் சீட்டு ஞாபகம் வந்தது. இரண்டாவது வரிசையில் அவர் ஊற்றியது, தண்ணீரில் கரைத்த கொழுப்பு நீக்கிய பால்பவுடர்.

கடையில் காபிக்கு வாங்கும் பவுடர் ஆகாது, அதில் சர்க்கரையும் கொழுப்பும் இருக்கும். சர்க்கரை சேர்க்காத, கொழுப்பு எடுத்த பவுடர்தான் வேண்டும். 100 மில்லிக்கு 5 கிராம். 1984-இல் அமெரிக்காவில் ஒரு குழு இதை எழுதி வெளியிட்டு, 'பிளாட்டோ' என்று தத்துவ ஞானியை நினைவூட்டும் ஒரு பெயரும் வைத்தது. அதுவரை விலை கூடிய பசுமாட்டு சீரம் ஆல்புமினை வைத்துச் செய்துகொண்டிருந்த வேலையை மளிகைக்கடைச் சாமான் செய்தது.

பால் ஏன் இவ்வளவு நன்றாக வேலை செய்கிறது? பசும்பால் புரதத்தில் ஏறக்குறைய 80% கேசீன். அது ஒன்றல்ல, நான்கு வகை. எல்லாம் சின்ன மூலக்கூறுகள். மற்ற புரதங்கள் மாதிரி இறுக்கமாக மடிந்து உருண்டையாக இருக்காமல், தளர்ந்த நூல் மாதிரி இருக்கும். ஒரு பக்கம் தண்ணீரை வெறுக்கும், இன்னொரு பக்கம் தண்ணீரை விரும்பும். வெறுக்கும் பக்கம் பிளாஸ்டிக்கில் படிய, விரும்பும் பக்கம் வெளியே நிற்க, இண்டு இடுக்கெல்லாம் மூடிவிடும். இதே கேசீன்தான் கும்பகோணம் டிகிரி காப்பியில் டிக்காஷனின் துவர்ப்பைப் பிடித்து அமுக்குகிறது. ஒட்டிக்கொள்வது அதன் பிறவிக்குணம்.

பிறகென்ன, எல்லாரும் பாலையே ஊற்றலாமே என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. பாலில் கேசீன் மட்டுமா இருக்கிறது? பயோட்டின் என்ற வைட்டமின் இருக்கிறது. சில சோதனைகளில் நிறத்தைப் பெருக்குவதற்கே பயோட்டினும் அவிடினும் சேரும் இணைப்பைப் பயன்படுத்துவார்கள்; அங்கே பால் ஊற்றினால் கணக்கு குழம்பிப்போகும். மாட்டின் ஆன்டிபாடியும் பாலில் கொஞ்சம் உண்டு. ஆட்டு ஆன்டிபாடியைப் பிடிக்கும் நொதி ஆன்டிபாடியைப் பயன்படுத்தினால், ஆடும் மாடும் சொந்தக்காரர்கள் என்பதால் அது மாட்டின் ஆன்டிபாடியையும் பிடிக்கும். துண்டு போட்ட சீட்டே மஞ்சளாகும். கேசீனில் பாஸ்பேட் நிறைய ஒட்டியிருப்பதால், பாஸ்பேட் ஏறிய புரதங்களைத் தேடும் ஆராய்ச்சியிலும் பால் தொல்லை. இதெல்லாம் போக, நம்மூர் வெயிலில் கரைத்த பால் மறுநாள் திரிந்துவிடும். கெடாமலிருக்க சோடியம் அசைடு போடலாம் என்றால், அது பெராக்சிடேஸ் நொதியையே கொன்றுவிடும். அப்படிச் செய்துவிட்டு, எல்லாருக்கும் நெகட்டிவ் என்று சந்தோஷப்பட்ட மாணவர்களை நண்பர் பார்த்திருக்கிறாராம்.

அதனால் கிட் தயாரிக்கிறவர்கள் சுத்தம் செய்த கேசீனை மட்டும் தனியாகவோ, ஆல்புமினையோ எடுத்துக்கொள்கிறார்கள். ஆல்புமின் சுத்தமாகக் கிடைக்கும், 1 முதல் 5% வரை போடுவார்கள். குறை என்னவென்றால் அது பெரிய உருண்டை. கேசீன் நுழையும் இடுக்கில் அது நுழையாது. மாட்டுப்பால் குடித்து வளர்ந்த சிலருக்கு மாட்டு ஆல்புமினுக்கு எதிராகவே ஆன்டிபாடி இருப்பதும் உண்டு. ஜெலட்டின் ஃபிரிட்ஜில் கட்டியாகிவிடும். அதற்காகக் குளிர்நீர் மீன்களின் தோலிலிருந்து எடுத்த ஜெலட்டினைப் பயன்படுத்துகிறார்கள், அது உறையாது. புண்ணுக்குத் தடவும் அயோடின் மருந்தில் இருக்கிறதே பாலிவினைல் பைரோலிடோன், அந்த மாதிரிச் செயற்கைச் சங்கிலிகளும் உண்டு. விலங்குப் புரதமே இல்லாததால் விலங்குப் புரதத்தால் வரும் வம்பும் இல்லை.

ட்வீன்-20 என்ற சோப்பு போன்ற பொருளைத் தனியாகச் சொல்லவேண்டும். கழுவும் நீரில் 0.05% போடுவார்கள். லேசாக ஒட்டியதை இளக்கி விட்டுவிடும். அதையே பிளாக்கராகவும் சிலர் பயன்படுத்துகிறார்கள். ஆனால் அது துண்டு இல்லை, ஆளில்லாத நேரத்தில் சீட்டில் உட்கார்ந்திருக்கும் கண்டக்டர் மாதிரி. எழுந்துபோனால் இடம் மறுபடி காலி. கழுவினால் அதுவும் போய்விடும் என்பதால், அதைத் தனியாக நம்பாமல் புரதத்தோடு சேர்த்துப் போடுவதுதான் நல்லது.

நிறையப் போட்டால் நல்லது என்பதும் இல்லை. துண்டு அதிகமாகி, உட்கார்ந்திருப்பவர் முகத்தையே மூடிவிட்டால்? உண்மையான ஆன்டிபாடி தேடி வரும் இடம் மறைந்துவிடும், பாசிட்டிவ் நெகட்டிவ் ஆகும். அதனால் எந்த பிளாக்கர் சிறந்தது என்ற கேள்விக்கே பதில் கிடையாது. நாலைந்து பிளாக்கரை, இரண்டு மூன்று அடர்த்தியில், ஒரே தட்டில் கட்டம் கட்டமாக வைத்து, தெரிந்த பாசிட்டிவ், தெரிந்த நெகட்டிவ், ஒன்றுமே இல்லாத குழி மூன்றையும் ஒப்பிட்டுப் பார்க்கவேண்டும். பின்னணி குறைவாக இருப்பது மட்டும் போதாது. பாசிட்டிவுக்கும் பின்னணிக்கும் உள்ள விகிதம் எங்கே அதிகமோ அதை எடுக்கவேண்டும். இன்னொரு சின்ன விஷயம்: புரதத்தை 100 மைக்ரோலிட்டர் ஊற்றி ஒட்டவைத்தால், பிளாக்கரை 200, 300 என்று அதைவிட உயரமாக ஊற்றவேண்டும். இல்லாவிட்டால் குழியின் மேல் சுவர் அம்மணமாக நிற்கும்.

இங்கே கொஞ்சம் வேலூருக்குப் போய்வரலாம்.

1986 பிப்ரவரி. சென்னை மருத்துவக் கல்லூரியில் சுனிதி சாலமனின் மாணவியாக இருந்த செல்லப்பன் நிர்மலா, பாலியல் தொழிலாளர்களிடம் சேகரித்த ரத்தத்தின் சீரத்தை, வைக்க வேறு இடமில்லாமல் தன் வீட்டு ஃபிரிட்ஜில் வைத்திருந்தார். இந்தியாவில் எச்.ஐ.வி இருக்கிறதென்று யாரும் அதுவரை காட்டியிருக்கவில்லை. சென்னையில் சோதிக்க வசதி இல்லை. கணவரோடு ராத்திரி ரயிலேறி காட்பாடியில் இறங்கி வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்குப் போனார். அங்கே வைராலஜித் துறையில் ஜேக்கப் ஜான். உதவிக்கு ஜார்ஜ் பாபுவும் எரிக் சிமோஸும். காலையில் எலைசா தொடங்கி, மதியம் கரண்ட் போய், டீ குடித்துவிட்டு வந்து மூடியைத் திறந்தால் ஆறு குழிகள் மஞ்சள். பல வருஷம் கழித்து பிபிசிக்கு நிர்மலா சொன்ன விவரம் இது.

எனக்கு இதில் பிடித்தது அந்த மஞ்சளுக்கு அடுத்து அவர்கள் செய்தது. அறிவிக்கவில்லை. அந்த ஆறு பெண்களிடமும் போய் மறுபடி ரத்தம் எடுத்தார்கள். அதை அமெரிக்காவுக்கு அனுப்பி வெஸ்டர்ன் பிளாட் என்ற வேறொரு முறையில் சோதித்தார்கள். அது உறுதியானபிறகுதான் விஷயம் வெளியே வந்தது.

ஏன் அவ்வளவு தயக்கம் என்றால், அந்தக் காலத்து எச்.ஐ.வி எலைசாக்களில் வைரஸை மனித செல்களில் வளர்த்து, உடைத்து, அந்தக் கலவையைத்தான் தட்டில் ஒட்டினார்கள். வைரஸோடு அந்த மனித செல்லின் புரதங்களும் சேர்ந்தே வரும். பல முறை பிரசவமான பெண்களுக்கும் ரத்தம் ஏற்றிக்கொண்டவர்களுக்கும் பிற மனித செல்களுக்கு எதிரான ஆன்டிபாடி இருக்கலாம். அது போய் அந்தச் செல் புரதத்தைப் பிடிக்கும். குழி மஞ்சள். ஆப்பிரிக்காவில் அதே வருஷங்களில், மலேரியா போன்ற தொற்றுகளால் ஆன்டிபாடி பெருகியிருந்தவர்களின் ரத்தம் இந்தச் சோதனைகளில் பொய்யாகப் பாசிட்டிவ் காட்டியதும் நடந்தது. வெஸ்டர்ன் பிளாட்டில் புரதங்களை அளவுவாரியாகப் பிரித்து நைட்ரோசெல்லுலோஸ் தாளில் மாற்றுவார்கள். ஆன்டிபாடி எந்தப் புரதத்தைப் பிடித்தது என்று கோடு கோடாகத் தெரியும். வைரஸின் கோடா, செல்லின் கோடா என்று பிரித்துச் சொல்லிவிடலாம். இத்தனைக்கும் நைட்ரோசெல்லுலோஸ் பிளாஸ்டிக்கைவிட அதிகமாகப் புரதம் உறிஞ்சும். அதனால்தான் அங்கே பால்பவுடருக்கு அவ்வளவு மதிப்பு.

இந்த இடத்தில்தான் நான் முதலில் நினைத்தது தப்பு என்று புரிந்தது. எல்லாப் பொய்ப் பாசிட்டிவும் காலி சீட் பிரச்சினை இல்லை. பிளாஸ்டிக்கில் கண்டபடி ஒட்டுவதை பிளாக்கர் தடுக்கும். ஆனால் மனித செல் புரதத்தை, அதற்கென்றே உண்டான ஆன்டிபாடி வந்து பிடித்தால் எந்தப் பால்பவுடராலும் தடுக்க முடியாது. டிக்கெட் வாங்கிக்கொண்டு முறையாக ஏறியவர் அவர், ஏறியது தப்பான பஸ் என்பதுதான் விஷயம். அதற்குத் தட்டில் ஒட்டும் பொருளையே மாற்றவேண்டும். பிறகு வந்த கிட்டுகள் அதைத்தான் செய்தன: முழு வைரஸுக்குப் பதில், பாக்டீரியாவில் தயாரித்த புரதமும் செயற்கைத் துண்டுகளும்.

மூன்றாவதாக ஒரு வகை. முடக்குவாதம் உள்ளவர்கள் பலரின் ரத்தத்தில் ருமட்டாய்டு ஃபேக்டர் என்று ஒன்று இருக்கும். அது ஆன்டிபாடியையே பிடிக்கும் ஆன்டிபாடி. சோதனையில் மேலும் கீழும் ஆன்டிபாடி இருந்தால், நடுவில் தேடப்படும் பொருள் இல்லாமலே இது பாலம் போட்டுவிடும். டெங்கு போன்றவற்றுக்கு எடுக்கும் ஐ.ஜி.எம் சோதனைகளிலும் இதன் தொல்லை உண்டு. இதற்குத் தட்டில் பிளாக்கர் போட்டுப் பிரயோஜனமில்லை. சீரத்தைக் கரைக்கும் திரவத்திலேயே வேலையில்லாத விலங்கு ஆன்டிபாடிகளை நிறையப் போட்டு, ருமட்டாய்டு ஃபேக்டரை அங்கேயே பிடித்துவைத்துவிட வேண்டும். அத்தை விஷயத்தில் எது நடந்தது என்று யாரும் தேடவில்லை. லேபில் எந்த அட்டை, எந்த பேட்ச் என்று கேட்டேன். பதில் வரவில்லை.

கணக்கையும் பார்த்துவிடுவோம். நம் நாட்டில் வயதுவந்தோரில் எச்.ஐ.வி உள்ளவர்கள் ஏறக்குறைய 0.2%. ஒரு சோதனை, நோய் இல்லாத ஆயிரம் பேரில் 995 பேரைச் சரியாக நெகட்டிவ் சொல்கிறது என்று வைத்துக்கொள்வோம். பத்தாயிரம் பேரைச் சோதித்தால் உண்மையில் தொற்று உள்ளவர் 20 பேர். பொய்யாகப் பாசிட்டிவ் வருகிறவர் ஏறக்குறைய 50 பேர். ஆக ரியாக்டிவ் என்று வந்த எழுபது பேரில் ஐம்பது பேருக்கு ஒன்றுமில்லை. நம்பிக்கை மையங்களில் ஒரு சோதனையோடு பாசிட்டிவ் என்று சொல்லாமல், வெவ்வேறு ஆன்டிஜன் அல்லது வெவ்வேறு முறை கொண்ட மூன்று கிட்டுகளில் பார்ப்பது இதனால்தான். ஒரு கிட்டில் உள்ள பிளாக்கரை ஏமாற்றிய ரத்தம் மூன்றையும் ஏமாற்றுவது அரிது. ஒரே கிட்டில் மூன்று தடவை எடுத்தால் இந்தப் பலன் கிடைக்காது, ஏமாற்றும் காரணம் அப்படியே இருக்குமே.

கிட் வடிவமைப்பவர்களிடம் எனக்கு ஒரே ஒரு வேண்டுகோள் உண்டு. எந்த பிளாக்கர் என்று முடிவு செய்யும்போது தெரிந்த நெகட்டிவ் சீரமாக யாருடைய ரத்தத்தை வைக்கிறீர்கள்? ஆரோக்கியமான இளம் ரத்த தானக்காரர்களுடையதை மட்டும் வைத்தால் தட்டு அழகாகத்தான் இருக்கும். முடக்குவாதம் உள்ளவர், நாலு பிள்ளை பெற்றவர், யானைக்கால் புழுவும் கொக்கிப்புழுவும் பார்த்த டெல்டாவில் சேற்றில் நின்று நாற்று நட்டே வயசானவர், இவர்களுடைய ரத்தத்தையும் அந்த நெகட்டிவ் வரிசையில் வையுங்கள். சோதனைக்கு நாளை வரப்போவது அவர்கள்தான்.

நண்பர் அடுத்த மாதம் மீன் ஜெலட்டினையும் கேசீனையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம் என்றிருக்கிறார். பார்த்தால் எழுதுகிறேன். அத்தைக்கு இரண்டாவது கண்ணிலும் ஆபரேஷன் முடிந்துவிட்டது. நம்பிக்கை மையம் கொடுத்த சீட்டை இப்போது தானே படிக்கிறார். பீரோவில் பட்டுப்புடவைக்கு அடியில் பத்திரமாக வைத்திருக்கிறார். "எதுக்கு அத்தை இன்னும் வெச்சிருக்கீங்க" என்றால், "இருக்கட்டும் தம்பி, யாராவது வந்தா காட்டணும்ல" என்கிறார்.